இரண்டாவது விசை

கஸ்பார் தன் கடை மேசையில்
பச்சைக் கம்பளி விரித்து இரண்டையும் கிடத்தினார்.
ஒன்றில் குழல்கள் அருகருகே,
ஒரே பாயில் படுத்த அண்ணன் தம்பி.
மற்றதில் ஒன்றின்மேல் ஒன்று,
கடலூர் பஸ்ஸில் காலையில்
ஒருவர் மடியில் ஒருவராக
நாங்கள் புதுச்சேரிக்கு வந்ததைப் போல.

விலை கேட்கவில்லை.
முந்திரி மண்டிக் கணக்குப்பிள்ளை
முதலில் எடையைத்தான் பார்ப்பான்.
மேல்கீழ்க் குழல் கால் கிலோ கூடுதல்.
கால் கிலோ காலை ஆறு மணிக்கு ஒன்றுமில்லை.
பத்தரைக்கு அது ஒரு குடம் தண்ணீர்.

"கண்ணை மூடுங்கள்" என்றார்.
"தோளுக்கு ஏற்றி, கன்னத்தைச் சாயுங்கள்.
இப்போது திறக்கலாம்."

சுவரில் பல்லி.
மேற்குழலின் முதுகில் ஒற்றைக் கோடு
பேரேட்டில் நான் இழுக்கும் சிவப்புக் கோடாய்
பல்லியின் வயிற்றில் போய் நின்றது.
மற்றதில் கோடு இல்லை, ஒரு சந்து இருந்தது,
இருபுறமும் இரும்புச் சுவர்.
சந்தின் கோடியில் அதே பல்லி
தன்பாட்டுக்கு ஓர் ஈசலை விழுங்கிக்கொண்டிருந்தது.

"கோடு பிடித்திருக்கிறது."
"உங்களுக்குப் பிடிக்கும்" என்றார் கஸ்பார்,
"கௌதாரி கோட்டில் பறக்காது."

ஞாயிறு, மனைவியைப் பூசைக்கு இறக்கிவிட்டு
இரண்டையும் காரில் போட்டுக்கொண்டு வந்தார்.
ஊசுட்டேரி தாண்டிச் செம்மண் மேடு.
கிளைகள் தரையைக் கூட்டும் முந்திரித் தோப்பு,
ஊடே காரை, சூரை, ஈச்சம் புதர்.
அங்கம்மாள் கழியோடு முன்னே நடந்தாள்.
எந்தப் புதரில் எத்தனை என்று
வட்டிக்காரன் வீடு வீடாய்ச் சொல்வதுபோல் சொன்னாள்.
துப்பாக்கிகளை ஒரு பார்வை பார்த்தாள்.
"மேல கீழ இருந்தா என்ன, பக்கத்துல இருந்தா என்ன,
அது பாக்கறது ஒங்க தொப்பியத்தான்."

தொப்பியைக் காரில் வைத்துவிட்டு வந்தேன்.

முதலில் மேல்கீழ்.
கழி புதரைத் தொட்டதும்
காலடியில் தரை கிழிந்து விர்ரென்று ஒன்று,
வாலோரம் செங்கல் நிறம்.
கோடு அழகாய் எழுந்தது.
நேராக இருக்கிறதா என்று பார்த்தேன்.
நேராகத்தான் இருந்தது.
கௌதாரி அடுத்த தோப்பில் இருந்தது.
விழுந்த முந்திரிக் கிளையை
அங்கம்மாள் அடுப்புக்கென்று ஒதுக்கி வைத்தாள்.

தோட்டா மாற்ற மடித்தால்
முதலையாய் வாய் பிளக்கிறது.
கீழ்க்குழலுக்கு ஊட்டுவதற்குள்
முழங்கையில் சூரைமுள் இரண்டு கீறல்.
விசை அதற்கு ஒன்றுதான்.
எந்தக் குழல் முதலில் என்பதை
வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வர வேண்டும்.

மற்றதற்கு விசை இரண்டு.
முன்விசை தளர்ந்த வாய்க்கு,
காலடியில் எழுவதற்கு.
பின்விசை இறுகிய வாய்க்கு,
தூரம் போய்விட்டதற்கு.

ஜோடியாக எழுந்தன.
துப்பாக்கி எப்போது தோளுக்கு வந்ததோ தெரியாது.
சந்து இல்லை, சுவர் இல்லை,
பறவை மட்டும் இருந்தது.
முன்விசை.
ஒரு பிடி இறகு காற்றில் கொஞ்சம் நின்றது.

மற்றது நேரே போயிருக்கலாம்.
திரும்பி, விழுந்த இடத்தின்மேல் ஒரு வளைவு வந்தது.
பிறகுதான் போனது.
இருபது கஜம், முப்பது,
இறுகிய வாய்க்கென்றே அளந்த தூரம்.
என் விரல் எப்போதோ பின்விசைக்குப் போயிருந்தது.
அங்கேயே இருந்தது.
"அடியுங்கள்" என்றார் கஸ்பார்.
நாற்பது.
ஐம்பது.
பனைக்கு அப்பால்.

"ஏன்?"
"தோட்டா விலை ஏறிவிட்டது" என்றேன்.
அவர் வாதாடவில்லை. பூசை முடியும் நேரம்.
அங்கம்மாளுக்குக் கௌதாரி போனது,
கிளையும் போனது.

திங்கட்கிழமை ரசீது:
குழல் அருகருகே, விசை இரண்டு,
கட்டையில் பழைய கீறல் ஒன்று, தள்ளுபடி ஐந்து ரூபாய்.
எண்ணெய்த் துணியால் துடைத்தபடி கேட்டார்,
"பின்விசை கொஞ்சம் கடினமாக இருக்கிறது.
தளர்த்தித் தரட்டுமா? நாளைக்கே ஆகிவிடும்."

வேண்டாம் என்றேன்.
தள்ளுபடியை மட்டும்
எழுத்தாலும் எழுதித் தரச் சொன்னேன்.