குறிப்பு என்றொரு கட்டம்

பணகுடிக்குத் தெற்கே
பதினேழாம் நம்பர் காற்றாடி.
உள்ளே இரும்பேணி,
இருநூற்று அறுபத்தெட்டுப் படி.
பதினோரு வருடமாக ஏறுகிறேன்.
முதல் வருடம் எண்ணிக்கொண்டு,
பிறகு எண்ணாமல்,
பிறகு
ஏறுவது யாரென்றே தெரியாமல்.

முழங்கால் வலிக்கு வள்ளியூர் போனேன்.
மாத்திரை எழுதிய டாக்டரம்மா
சீட்டின் அடியில் இதையும் எழுதினார்:
'படுக்குமுன் நன்றி சொல்ல
மூன்று விஷயம். தினமும்.'
சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று
கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

நன்றி.
எங்கள் பக்கம் அதை யார் வாயால் சொல்கிறார்கள்?
ஊர் எல்லைப் பலகையில் இருக்கிறது,
'மீண்டும் வருக'வுக்கு முன்னால்.
பெட்ரோல் பங்க் ரசீதில் இருக்கிறது.
கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது
மைக்கில் கேட்கும்.
அவசரத்துக்குக் கடன் தந்தவனிடம்கூட
'சரி, வாரேன்' என்றுதான் எழுந்திருப்போம்.
அந்த 'வாரேன்' உள்ளே அது இருக்கிறதா,
இருந்தால் எவ்வளவு,
நிறுத்துப் பார்த்ததில்லை நான்.

முதல் ராத்திரி பேனாவோடு உட்கார்ந்தேன்.
ஒன்று, சோறு.
இரண்டு, கரண்ட்.
மூன்றாவதை யோசித்தபடியே தூங்கிப்போனேன்.
காலையில் தாளை எடுத்த செண்பகவடிவு
'பலசரக்குச் சிட்டையா?
பருப்பை விட்டுட்டியளே' என்றாள்.

அதோடு விட்டிருப்பேன்.

ஆனி கடைசி.
கணவாய்க் காற்று கொஞ்சம் மூச்சு வாங்கிய
ஒரு மணி நேரத்தில் மேலே போனோம்.
கை முழுக்க எண்ணெய். துடைக்கத் துணியில்லை.
சுயம்புலிங்கம் தலைத்துண்டை அவிழ்த்து நீட்டினான்,
ஒன்றும் சொல்லவில்லை.
மகள் காதுகுத்துக்கு எடுத்த துண்டு அது,
மஞ்சள் இன்னும் வெளுக்காதது.

இறங்கி வந்து படிவம் நிரப்பினேன்.
காற்றின் வேகம். எண்ணெய் மட்டம். போல்ட் இறுக்கம்.
கடைசிக் கட்டம்: குறிப்பு.
பதினோரு வருடமாக
அதில் 'இல்லை' என்றே எழுதியவன்
அன்றைக்கு எழுதினேன்:
'சுயம்பு துண்டு தந்தான்.'

மறுநாள்:
'முப்பதாம் படியில் பல்லி. கூடவே ஏறியது.'
அதற்கடுத்து:
'மேலிருந்து பார்த்தால் மகேந்திரகிரிக்கு அந்தப் பக்கம் மழை.
இந்தப் பக்கம் வாசனை மட்டும். போதும்.'
அப்புறம் ஒரு நாள்:
'இன்று படிகளை எண்ணினேன்.
இருநூற்று அறுபத்தேழு.
ஒன்று எங்கே?'

ராதாபுரம் ஆபீசிலிருந்து போன்.
'குறிப்புல என்னவே எழுதி வச்சிருக்கீரு? பல்லியா?'
'ஆமா சார்.'
'கேபிளக் கடிக்குமா?'
'கடிக்காது சார். வந்துட்டுப் போவும்.'
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
'ரெண்டாம் நம்பர்லயும் ஒண்ணு கெடக்குன்னாவ' என்றார்,
வேறு குரலில்.

எல்லா நாளும் அப்படி வாய்க்கவில்லை.
மாமனார் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம்
ஆறு நாளும் 'இல்லை' என்றே எழுதினேன்.
இல்லாததை இருப்பதாக எழுதச் சொல்லி
சீட்டில் இல்லை.
ஏழாம் நாள்,
டீத்தூக்கோடு வார்டுக்கு வந்தவன்
சில்லறை இல்லையென்று சொன்னதும்
'நாளைக்கும் இங்கனதான கெடப்பிய' என்று
சிரித்துவிட்டுப் போனான்.
அதை எழுதினேன்.

துண்டை மூன்று தடவை துவைத்தும்
எண்ணெய்க் கறை போகவில்லை.
சுயம்புவிடம் கொடுத்துவிட்டு
'சரி, வாரேன்' என்றேன்.
இருவரும் ஒரே பைக்கில்தான் வீட்டுக்குப் போகிறோம்.
அவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

இன்று காலை
அவன் இடுப்பு பெல்ட்டை மாட்டி முடிக்குமுன்
நான் நாற்பதாம் படியில்.
கீழேயிருந்து கத்துகிறான்:
'என்னவே இம்புட்டு வேகம்?
மேல என்ன வச்சிருக்கு?'

பதில் சொல்லலாம்தான்.
சொன்னால் எண்ணிக்கை விட்டுப்போகும்.
நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு.