போக வழி

மருதமலைக்கு இந்தப் பக்கம், வடவள்ளியில்,
காயப்போட்ட துணியை மார்கழிப் பனி
மறுபடி நனைத்துவிடும் காலம்.
"ஏனுங்க, வெந்நி சரியா வரமாட்டேங்குதுங்க,
ஒரு எட்டு வந்து பார்க்கறீங்களா?"
பாய்லரின் வயிற்றில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துக்
கூப்பிட்டிருக்கிறார் அந்த அம்மா.
நஞ்சப்பன், கேஸ் பாய்லர் ஃபிட்டிங்.
நான்தான்.

மூன்றாம் மாடி.
நெற்றியில் ஈரத்துணி கட்டிக்கொண்டு
வேதியியல் படித்துக்கொண்டிருந்தது ஒரு பிள்ளை.
"காலையில குளிச்சுட்டு வந்தா தலைவலிங்க.
பள்ளிக்கூடம் போனா சரியாப் போயிருது.
டாக்டர் சைனஸ்ங்கறாரு,
எங்க நாத்தனா கண்ணுங்கறாங்க."

பால்கனிக் கதவைத் திறந்தேன்.
நான் மாட்டிய அன்று அது பால்கனி.
காக்காய் வரும், காற்று வரும்.
இன்று மூன்று பக்கமும் கண்ணாடி.
"தூசிங்க, புறா வேற.
தீபாவளிக்கு முன்னாடி போட்டோம். நாப்பத்திரெண்டாயிரம்."
மலை இப்போதும் தெரிந்தது,
கண்ணாடியின் வியர்வைக்குப் பின்னால்.

பாய்லரின் தலையிலிருந்து நான் ஏற்றிய குழாய்
ஒரு முழம் நேரே எழுந்து,
ஒரே ஒரு வளைவு வளைந்து,
தொப்பி போட்டுக்கொண்டு,
வெளியே நிற்பதாக நினைத்து
உள்ளேயே நின்றது.

குளியலறையில் குழாயைத் திறக்கச் சொன்னேன்.
டப்பென்று பற்றியது.
நீலமாக எரிய வேண்டிய தீ
நுனியில் மஞ்சள் காட்டிச் சோம்பியது.
செம்புச் சுருள் முழுக்கக் கரி.
தண்ணீர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது:
கீழே குளிர்ந்து நுழைந்து, சுருளைச் சுற்றிச் சுட்டு,
சுவருக்குள் ஓடி மூன்று குளியலறைக்கும்.

தண்ணீரின் வழியை எல்லோரும் கேட்பார்கள்.
எந்த ரூமுக்கு முதலில் வரும்,
ஷவருக்கு வேகம் இருக்குமா.
புகையின் வழியை ஒருத்தரும் கேட்டதில்லை.
நானும் சொன்னதில்லை.

சாமி படத்தடியிலிருந்து ஊதுபத்தி வாங்கிக்
குழாயின் அடிவாயில் பிடித்தேன்.
மேலே இழுத்திருக்க வேண்டும்.
இழை திரும்பி என் முகத்துக்கு வந்தது,
மாட்டியவனை
அடையாளம் கண்டதுபோல.

அணைத்தேன். ஜன்னல்களைத் தள்ளினேன்.
"தீயும் மூச்சு விடுதுங்க.
விட்ட மூச்சையே திரும்ப இழுத்தா அரைகுறையாத்தான் எரியும்.
அதுல வர்றதுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது.
இருமல்கூட வராது.
மொதல்ல தலை வலிக்கும்.
அப்புறம் தூக்கம் வரும்."
அந்த அம்மா பதில் சொல்லவில்லை.
தீபாவளியிலிருந்து
விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"கார்பன் மோனாக்சைடுங்களா?" என்றது பிள்ளை.
"ஆமா அம்மிணி."
"ரெண்டு மார்க் கேள்வி" என்று
புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தது.

கண்ணாடிக் கடை ரபீக் வந்து
நாலு அங்குல வட்டம் அறுத்தார்.
குழாயை இரண்டடி நீட்டினேன்.
காற்று உள்ளே வரக் கீழே ஒரு ஜாலி.
"புறா?" என்றார் அம்மா.
"வலை அடிச்சிருக்கேன்.
அட்டை வெச்சு மட்டும் அடைச்சுராதீங்க."
கரியைத் துடைத்துப் பற்றவைத்தேன், நீலம்.
பத்தியின் இழை குழாய்க்குள் நுழைந்து
மலைப் பக்கம் போனது.

குழாய்க்கு மட்டும் காசு வாங்கினேன்.
கூலி எவ்வளவு என்று இரண்டு தரம் கேட்டார்.
எப்படிச் சொல்வது.

கீழே வண்டிப் பெட்டியில் பழைய பில் புக்.
கார்பன் தாளில் மங்கிய என் கையெழுத்து,
பதினொரு வீடு.
சோமையம்பாளையத்தில் எடுத்தார்கள்.
"பாய்லர் நஞ்சப்பனுங்க. ஒண்ணுமில்லீங்க,
பால்கனிக்குக் கண்ணாடி கிண்ணாடி போட்டுட்டீங்களா?"
இல்லை என்றார்கள்.
கல்வீரம்பாளையத்தில் போடப்போவதாகச் சொன்னார்கள்.
மூன்றாவது நம்பர்
அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஹெல்மெட்டை எடுத்து மாட்டினேன்.