நாற்பத்தொரு சதவீதம்

மண்டபத்து ஜெராக்ஸ் கடைக்காரர் நாலரைக்கு வருகிறாராம்.
மூவாயிரத்து ஐந்நூறு, மவுஸ் சேர்த்து.
பாம்பன் காற்றில் ஸ்பேஸ் கீ உப்பேறி ஒட்டும்;
அதை அவரிடம் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது.
ஆம்.
உறுதியாகவா என்றது.
படகைப் பிடித்தவர்கள்
இப்படிக் கேட்கவில்லை.

நாற்பத்தொன்றில் நின்றுபோனது, வெகுநேரம்.
உள்ளே எது மல்லுக்கட்டுகிறதோ:
டீசல் மானியக் கணக்கா,
காரைநகரில் கிடக்கும் படகுக்காகப்
பதினேழு தடவை திருத்திய மனுவா,
புயல்கூண்டு ஏற்றிய நாட்களில்
கிளாட்வின் ஆடிய சீட்டாட்டமா?
அந்த மார்க்கை எதில் காப்பி எடுப்பது?

ஒருவழியாக நீலத்திரை.
வணக்கம், உங்கள் பெயர் என்ன?
பழக்கத்தில் விரல்
படகு நம்பரை அடித்துவிட்டது.
பின்னிருந்து ஒவ்வொன்றாக அழிக்கிறேன்.

வாசலில் எக்செல் வண்டிச் சத்தம்.
இன்னும் இரண்டு இலக்கம்
இருக்கிறது.