பத்து நாற்பத்திரண்டு

வியாழன் இரவு, ஷார்ஜா, ஏழாவது மாடி.
ஏசி பதினெட்டில் உறும
பிள்ளையின் உடம்பு மட்டும் ஆகஸ்ட் மாதத் தார்.
கண் மேலே செருகியது. தாடை இறுகியது.
பிறகு கை கால் எல்லாம் வெட்டி வெட்டி

நான் ஓடிப்போய் எடுத்தது ஒரு ஸ்பூன்.
எதிர் ஃப்ளாட் பிஜு சேட்டன்
கார் சாவிக்கொத்தோடு வந்தார்:
"இரும்பு, இரும்பு, கையில வை."

ப்ளெஸி எங்களைப் பார்க்கவில்லை,
மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பார்த்தாள். 10:42.
"அமுக்காதீங்க. வாயில எதுவும் வைக்காதீங்க."
தரையில் இறக்கி
ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.
நுரை கன்னம் வழியே கார்பெட்டுக்கு இறங்கியது.
"ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

விரல் முதலில் அழுத்தியது ஊரின் 108.
அப்புறம்தான் 998.
பச்சை போர்டு பக்காலா, அதை ஒட்டிய சந்து,
பெயரில்லாத கட்டடம் என்று
நான் உளறி முடிப்பதற்குள்
சந்து முனையில் வண்டியை மறிக்க
சேட்டன் படியிறங்கிவிட்டார்.

10:43.
10:43.
இன்னும் 10:43.
10:44. உதடு நீலம்.
அவள் குரல் நடுங்கவில்லை, முழங்கால் நடுங்கியது.
10:45.
நின்றது. ஒரு நீண்ட மூச்சு.
உதட்டில் நிறம் ஊறியது.

எவ்வளவு நேரம், என்றார் ஆம்புலன்ஸில் வந்த பிலிப்பினோக்காரர்.
"மூணு நிமிஷம்" என்றாள்,
சொன்ன பிறகு அழுதாள்.
ஸ்ட்ரெச்சரில் ஜெஃப்லின் தூங்கிக்கொண்டு போனான்.
லிஃப்ட் கண்ணாடியில் பார்த்தேன்,
என் கையில் இன்னும் ஸ்பூன்.

எங்கள் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு
காரை எடுத்தார் சேட்டன்.
இரும்புக்கு அதுதான் வேலை.