அறுபத்தாறு டிகிரி

தண்டையார்பேட்டை. மாடியில் லேப்.
கீழே நகராத கன்டெய்னர் லாரிகளின் ஹாரன்.
மூடிய கருவிக்குள்
அரை அரை டிகிரியாகச் சூடு ஏறுகிறது.

தீ இல்லை, ஓசை இல்லை.
முறுக்கிக் கிடந்த இழைகள் இரண்டும்
எங்கோ நடுவில், குமிழி விட்டாற்போல் விலகும்.
இரண்டு கையால் பிடித்த இடங்கள் முதலில் விடும்.
மூன்று கையால் பிடித்தவை
கொஞ்ச நேரம் வீம்பு பிடிக்கும்.

இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம்,
ஒன்றையொன்று தள்ளத்தான் பார்க்கும்.
நடுவே நின்று சமாதானம் பேசுவது உப்பு.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் என் தம்பியிடம் சொன்னேன்.
'துருப்பிடிக்க வைக்கத்தான்க்கா அதுக்குத் தெரியும்' என்றான்.

ஒட்டியிருந்த ஒளிச்சாயம் பிடி நழுவி உதிர,
திரையில் கோடு சரிகிறது.
மாதிரி எண் 4417.
அறுபத்தொன்பதில் பிரிய வேண்டியது
அறுபத்தாறிலேயே பிரிந்துவிட்டது.
மறுபடி ஓட்டினேன்.
அறுபத்தாறுதான்.

ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
நாங்கள் வைத்த இழையோடு
அந்த ஓரிடத்தில் மட்டும் கை சேரவில்லை.
ஐந்து மாதம் சிறுநீர் சிவக்கச் சிவக்க
அந்த ஆள் விழுங்கிய மாத்திரை
கிருமிக்கு உறைக்கவே இல்லை.

படிவத்தைத் திருப்புகிறேன்:
டோமினிக், 38, புதுமனைக்குப்பம்,
வலை ஏற்றும் வேலை.
அவசரத் தொடர்புக்கு: மனைவி ஸ்டெல்லா.
எண்ணில் ஓர் இலக்கம் அடித்துத் திருத்தியிருக்கிறது,
ஒன்றா ஏழா தெரியவில்லை.

கருவி ஆறத் தொடங்குகிறது.
பிரிந்தவை இருட்டில் முட்டி மோதித்
தம் ஜோடியைத் துழாவும்.
பெரும்பாலும் கிடைத்துவிடும்.

போனை எடுக்கிறேன்.
முதலில் ஒன்று போட்டுப் பார்க்கலாம்.
ஹாரன் கொஞ்சம் ஓயட்டும்.