ஏலச்சீட்டு, அல்சூர் கிளை

துரைமாரிடம் பணம் இல்லை.
இதை முதலில் மோப்பம் பிடித்தவர் நம்மவர்தான்,
பெங்களூர் கண்டோன்மென்ட் கஜானாவில்
கணக்கெழுதிய வேதகிரி முதலியார்.
லண்டன் கைவிரித்துவிட்டது.
கல்கத்தா கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியது.
மேட்டு நிலம் மட்டும், அளந்து, கல் நட்டு,
ஆளுக்கு நாற்பது ஏக்கர் என்று
வராத வெள்ளைக்காரர்களுக்காகக் கிடந்தது.

"சீட்டுப் போடலாம் துரை" என்றாராம்.
"யார் கட்டுவார்கள்?"
"எல்லோரும்."
"யார் எடுப்பார்கள்?"
முதலியார் சிரித்ததாகக் குறிப்பில் இருக்கிறது.
என்ன சொன்னார் என்று இல்லை.

மாதம் எட்டணா.
தண்ணீர்த் துருத்தி சுமக்கும் ரத்தினம்,
லாயத்துக்குப் புல் அறுக்கும் பச்சையம்மா,
சாப்பர் பட்டாளத்தில் மண்வெட்டி பிடித்த சவரிமுத்து,
சலவைத்துறையின் பதினேழு வீடுகள்.
கட்டாதவன் வாசலில் தண்டோரா.
கட்டியவனுக்கு மஞ்சள் அட்டைப் புத்தகம்,
மேலே கிரீடம், கீழே
நம் எழுத்தில் 'நாணயம்'.

முதல் வெள்ளி ஏலம்.
கேட்பவர்கள் கப்பலில் வந்தவர்கள் மட்டுமே.
வெளியிலேயே பேசிவைத்துக்கொண்டு
உள்ளே வந்து தொண்டையைச் செருமுவார்கள்.
தள்ளு ஏது? முழுத்தொகை.
கப்பல் கூலி, கலப்பை, ஒரு ஜோடி மாடு,
கூரைக்கு மங்களூர் ஓடு.

நமக்கு?
தொண்ணூற்றொன்பதாம் வருஷம்
நிலம் சீட்டுக்காரருக்குத் திரும்பும், ஷரத்து பன்னிரண்டு.
அன்றைக்கு நாம் இருக்கமாட்டோம் என்று
ஷரத்துக்கும் தெரியும்.

நான் இங்கே மூன்றாவது குமாஸ்தா.
எட்டணா எத்தனை விதமாக வரும் தெரியுமா?
ஈரமாக, சவுக்காரம் நாற,
முந்தானை முடிச்சின் சூட்டோடு,
ஒருமுறை மூக்குத்தியாக.
மூக்குத்திக்குப் பேரேட்டில் இடமில்லை.
எட்டணா என்று எழுதினேன்.
மீதியை எங்கும் எழுதவில்லை.

போன வெள்ளி, கதவு சாத்தும் நேரம்,
ஹாக்வுட் வந்தான்.
கல் எண் அறுபத்திரண்டு.
மூன்று வருஷமாகக் கோதுமை கருகியவன்.
மனைவியைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவன்.
அண்டைக்காட்டார் அளந்துபோட்ட கேழ்வரகில்
உயிர் ஒட்டியிருக்கிறது என்று ஊரே பேசும்.
தொப்பியைக் கழற்றினான்.
எட்டணாவை மேஜையில் வைத்தான்.

"நானும் கட்டுறேன்."
தமிழில். லாயத்துத் தமிழில்.

சட்டத்தில் இடமில்லை என்றேன்.
அவன் போகவில்லை.
"எந்தச் சீட்டுலயும்
எடுத்தவன்தானே மிச்சத் தவணையும் கட்டணும்?"

வரிசையில் கடைசியாள் பச்சையம்மா.
அவள் சிரிக்கவில்லை, இரங்கவும் இல்லை.
முடிச்சை அவிழ்த்தபடியே கேட்டாள்:
"இத்தினி நாளா எங்கே போயிருந்தே?"

அந்தக் காசு இன்னும்
ரப்பர் முத்திரைக்கு அடியில் இருக்கிறது.
பேரேட்டில் இரண்டே பத்தி,
கட்டுவோர், எடுப்போர்.
நடுவில் ஒரு கோடு, சிவப்பு மசியில்,
முதலியார் கையால் போட்டது.

இன்று வெள்ளி.
வரிசை ஏரிக்கரை வரை நிற்கிறது.
பேனாவை நனைத்து நனைத்து
காயவிட்டுக்கொண்டிருக்கிறேன்.