அறுபத்தோராம் பக்கத்தில் என் பெருவிரல்

நல்லரெத்தினம் செத்துப்போனார் என்று
ஐஸ் லொறிக்காரன் நியாஸ்தீன்தான் வந்து சொன்னான்.
கல்முனையில் கடை திறந்து
மெஷின் சூடாகிக்கொண்டிருந்த நேரம்.
பிறப்புச் சான்றிதழ் ஒன்றைக் குப்புறக் கிடத்திய கை
அப்படியே நின்றது.

பத்திரிகையில் வராது.
மின்சார சபையில் மீட்டர் வாசித்தவர்.
வாசித்து முடிந்த இரவுகளில்
சனிக்கோளின் நிலா ஒன்றுக்கு
ஒரு வாவியும் ஓடமும் ஓடக்காரனும் எழுதிக் கொடுத்தவர்.
அச்சடித்தது முந்நூறு.
விற்றது போக மிச்சத்தைக் கடல் எடுத்துக்கொண்டது,
காசு கொடுக்காமல்.

களுவாஞ்சிகுடியில் பந்தல்.
சொந்தக்காரர் உள்ளே,
நாங்கள் ஏழு பேர் தண்ணீர்த் தாங்கியடியில்.
ஆர் நீங்கள் என்று கேட்ட மருமகனுக்கு
‘அவர்ர வாசகர்’ என்றோம்.
மீட்டர் வாசிக்கிற ஆக்கள் என்று விளங்கிக்கொண்டு
கதிரை போட்டான்.

செங்கலடியிலிருந்து தாதி பத்மலோஷினி.
புளியந்தீவு ஒஸ்வின்.
தேற்றாத்தீவுக் கணக்கு வாத்தியார் குகதாசன் –
பதினேழாம் பக்கத்தில் ஒளியின் வேகத்துக்கு
ஒரு பூச்சியம் குறைகிறதென்று கடிதம் போட்டு
‘நன்றி, பூச்சியம் கிடைத்தது’ என்று
தபாலட்டை வாங்கியவர்.
எல்லார் கையிலும் ‘உப்புக் கோள்’.
எல்லாம் நகல்.
எல்லாம் என் கடையில் களவாக எடுத்தது.

செத்த நட்சத்திரம், இன்னும் வருகிற வெளிச்சம்
என்று தொடங்கிய ஒஸ்வினை
பத்மலோஷினி நிறுத்தினாள்.
‘விடுகா. அவருக்கு அது பிடிக்காது.’

மறுகா
நான் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

பத்தொன்பது வயதில்
கடற்கரை நூலகப் பிரதியை ஒரு மத்தியானத்துக்குக் கடன் வாங்கி,
கரண்ட் போகுமுன் முடிக்கிற அவசரத்தில்
அறுபத்தோராம் பக்கத்தை அழுத்திப் பிடித்தேன்.
அந்தக் கறுப்பு
மேகம் அல்ல, மை கொட்டினதும் அல்ல,
குகதாசன் சேர் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுபோல்
வாசகனுக்கு விட்ட வெற்றிடமும் அல்ல.
என் பெருவிரல்.

எண்பது வருடம் கழித்துப் பூமியிலிருந்து வானொலி கேட்கிறது:
‘அங்கே யாராவது இருக்கிறீர்களா?’
ஓடக்காரன் துடுப்பை வைத்துவிட்டுப் பதில் சொல்கிறான்.
ஒரேயொரு வரி.
அதன்மேல்தான் விரல்.
மூலத்தில் அந்த வரியைக் கடைசியாகக் கண்டவன் நான்.
நான் மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலைக்குப் பிறகு நூலகம் இல்லை.
ஒருநாள் அவரே கடைக்கு வந்தார்.
தன் புத்தகம் தன்னிடமே ஒன்றும் மிச்சமில்லை,
இங்கே கிடைக்குமென்று சொன்னார்கள் என்றார்.
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
தாள்தாளாகப் புரட்டி
அறுபத்தொன்றில் நின்றார்.
வெளிச்சத்துக்குப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
‘என்ன எழுதினேன் இதில?’
‘தெரியாது ஐயா.’
‘எனக்கும்.’
நூற்றெண்பது ரூபா எண்ணி வைத்து,
பற்றுச்சீட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சொல்லி முடித்தபோது ஒருவரும் ஏசவில்லை.
ஏசியிருக்கலாம்.
‘இருக்கம் எண்டுதான் நான் வாசிச்ச, இவ்வளவு நாளும்’
என்றாள் பத்மலோஷினி.
‘முதல்ல நீ ஆரு எண்டு கேட்டிருப்பான்’ என்றான் நியாஸ்தீன்,
ஐஸ் உருக உருக லொறிக்குள் இருந்து அதைப் படித்தவன்.
ஒஸ்வின்: ‘பிழையான நம்பர் எண்டிருப்பான்.’
சாவீட்டில் சிரித்துவிட்டு
நிலத்தைப் பார்த்தோம்.

குகதாசன் சேர் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, சனியிலிருந்து பதில் வந்துசேர
ஏறத்தாழ எண்பது நிமிடம் என்றார்.
கேட்டவன் அதுவரைக்கும் அங்கே நின்றிருப்பானா,
அதைத்தான் தான் யோசிக்கிறதாகவும்.

பறை தொடங்கியது. தூக்கினார்கள்.
வாசல் சுவரில் மீட்டர்ச் சக்கரம்
பந்தல் பல்புகளுக்கும் வாடகை விசிறிகளுக்குமாக
வழக்கத்தைவிட வேகமாய்ச் சுற்றியது.
சேர் குனிந்து இலக்கத்தை உரத்து வாசித்தார்.
ஏனென்று தெரியாமல்
என் நகலின் பின்னட்டையில் அதை எழுதிக்கொண்டேன்.
தூரத்தில் நின்ற மருமகன்
சந்தேகம் தீர்ந்தவனாய்த்
தலையாட்டினான்.